அத்தையின் தாடை

நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது என்பது என் டாக்டர் நண்பர் ஒருவருடைய சித்தாந்தம். சொன்னால் பயந்துவிடுவார்களாம். அந்தச் சித்தாந்தத்துக்கு என் அத்தை கொடுத்த விலை, அவளுடைய கீழ்த்தாடையில் பாதி.

அத்தைக்கு வெற்றிலையும் புகையிலையும் நாற்பது வருஷத்துச் சிநேகம். நாக்கின் ஓரத்தில் புற்று வந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையில் போயிற்று. அந்த மட்டில் விஞ்ஞானத்துக்கு என் நமஸ்காரம். மூன்று வருஷம் கழித்துக் கடைவாய்ப் பல் வலித்தது. தெருமுனைப் பல் வைத்தியரிடம் போனாள். பல்லுக்கும் பழைய சிகிச்சைக்கும் சம்பந்தம் உண்டென்று அவளுக்குத் தெரியாது, சொல்லவில்லை. அவரும் பிடுங்கிவிட்டார். குழி ஆறவில்லை. உள்ளே எலும்பு வெளுத்துத் தெரிந்தது. கடைசியில் தாடையை அறுத்தெடுத்தார்கள்.

'விதி' என்றார்கள் உறவினர்கள். விதியாவது! பிரான்ஸ் தேசத்து மருத்துவர் ரெகோ 1922-லேயே இந்த எலும்புச் சிதைவைப் பற்றி எழுதிவிட்டார். கதிர் பட்ட எலும்பில் இரத்த ஓட்டம் குன்றுகிறது; புண் ஆற்றும் சக்தி போய்விடுகிறது. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைக்கே ஆபத்து அதிகம். 60 கிரே அளவுக்கு மேல் கதிர் வாங்கிய இடத்தில் இன்னும் அதிகம். அங்கே பல்லைப் பிடுங்குவது வைக்கோற்போரின் பக்கத்தில் தீக்குச்சி கிழிப்பதற்குச் சமானம்.

ஆபத்தை முன்கூட்டியே படம் பிடித்துச் சொல்ல முயற்சிகள் நடக்கின்றன. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகே சேதம் தெரியும். ஆகவே அமெரிக்காவில், ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் மையத்தில், எம்.ஆர்.ஐ. படத்தின் மூலம் தாடைக்குள் இரத்தம் பாயும் விதத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். நல்ல காரியம், வளரட்டும்.

ஆனால் நான் கேட்பது நாளைய அதிசயத்தை அல்ல. இன்றைக்கே கைவசம் இருக்கும் படத்தைத்தான். சிகிச்சைக்குத் திட்டம் போடும்போதே சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். தாடையின் எந்தப் பக்கத்துக்கு, எந்தப் பல்லின் வேருக்கு எத்தனை கிரே போகும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வைக்கிறது. அதாவது, அத்தையின் தாடைக்கு ஜாதகம் அன்றே கணித்தாகிவிட்டது! அது ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குள் தூங்கிற்று. பல்லைப் பிடுங்கியவருக்குத் தெரியாது. பல்லுக்குச் சொந்தக்காரிக்கும் தெரியாது.

பயந்துவிடுவாளாம்! ஆறு வாரம், முகத்தை முகமூடிக்குள் இறுக்கிக்கொண்டு, தன்னந்தனியாக யந்திரத்தின் கீழே படுத்து எழுந்தவள் அவள். 'பல்லைப் பிடுங்குமுன் எங்களைக் கேளுங்கள், அம்மா' என்று சொல்லியிருந்தால் பயத்தில் செத்திருப்பாளா? சொல்லாமல் விட்டது கருணை அல்ல, ஐயா, சோம்பல்.

ஆஸ்பத்திரிகள் இரண்டு காரியம் செய்யட்டும். கதிர் வைக்குமுன் பல் வைத்தியரைக் கொண்டு வாயைப் பார்த்து, தேறாத பற்களை அப்போதே எடுத்து, புண் ஆறவிடட்டும். வீட்டுக்கு அனுப்பும்போது, ஸ்கேன் சொன்ன கணக்கை ஒரே ஒரு தாளில், தாய்மொழியில், எழுதிக் கொடுக்கட்டும். வருஷங்கள் பல கழிந்தும் இந்த ஆபத்து வரும். ஆகவே ஆயுள் முழுவதும் வைத்திருக்க வேண்டிய தாள் அது.

அத்தை இப்போது கஞ்சிதான் குடிக்கிறாள். டாக்டர் நண்பர் அடுத்த தடவை வரும்போது, அவரை அவளுக்கு எதிரே உட்காரவைத்து, அந்தச் சித்தாந்தத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லப் போகிறேன்.