அட்டை கேட்கிறவர் முதலில் அட்டையைக் கொடுக்கட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் 45 நிமிடம் பொறுத்தவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான். நன்றாகப் படித்தவன், இன்று நல்ல வேலையில் இருப்பவன். "சார், சிம் வாங்க அட்டை, லாட்ஜில் ரூம் போட அட்டை, விமானம் ஏற அட்டை. ஓட்டுப் போட மட்டும் அட்டை கேட்டால் ஏழைக்குப் பாரம் என்கிறார்கள். ஒரு அட்டையைப் பத்திரமாக வைக்கத் தெரியாதவர் எதற்கு ஓட்டுப் போட வேண்டும்?" என்று கேட்டிருந்தான். அதற்குக் கைதட்டல் படம் போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. அங்கேயே பதில் சொன்னால் சண்டை போலத் தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கள்ள ஓட்டு கட்டுக்கதை இல்லை. வாக்குச்சாவடிப் பணிக்குப் போன எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். "என் ஓட்டை யாரோ போட்டுட்டாங்க சார்" என்று வந்து நிற்பவரின் முகத்தைப் பார்த்தவன் நான். ஆகவே, வந்திருப்பவர் யார் என்று கேட்பதே அவமானம் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்கலாம். எப்படிக் கேட்கிறோம், அந்தச் சுமையை யார் தோளில் வைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

லாட்ஜும் விமானமும் நாம் காசு கொடுத்து வாங்கும் சேவை. ஓட்டு அப்படி அல்ல. 18 வயது நிரம்பிய குடிமக்கள் வாக்காளராகப் பதிவு பெற உரிமை உள்ளவர்கள் என்கிறது அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு. படித்தவரா, சொத்து உள்ளவரா, பொருட்களைப் பத்திரமாக வைப்பவரா என்று அது கேட்கவில்லை. இதைப் பத்தாம் வகுப்பில் நான்தான் உங்களுக்கு நடத்தினேன்.

சேஷன் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1993-இல் புகைப்பட அடையாள அட்டைத் திட்டம் வந்தது. அட்டை கொடுக்காவிட்டால் 1995 ஜனவரி 1-க்குப் பிறகு தேர்தலே நடத்த மாட்டேன் என்று அவர் எச்சரித்தார். யாரை? வாக்காளரை அல்ல, அரசுகளை. செலவு அதிகம் என்று அரசுகள் முனகின. ஆனாலும் படம் பிடிப்பதும் அட்டை அடிப்பதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் அரசின் வேலை என்று ஆனது. அந்த அட்டை மக்களின் மரியாதையைப் பெற்றது அதனால்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல். ஒரு சின்ன கிராமத்துப் பள்ளியில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். உச்சி வெயிலில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். கையில் படம் போட்ட பூத் சிலிப் மட்டும். முந்தைய தேர்தலில் அந்தச் சீட்டைக் காட்டினாலே போதும். சீட்டுகள் தவறான கைக்குப் போகின்றன என்பதால் அந்த ஆண்டு விதி மாறியிருந்தது. சீட்டை மட்டும் அடையாளமாக ஏற்கக் கூடாது. வாக்காளர் அட்டை வேண்டும், இல்லையென்றால் 11 மாற்று ஆவணங்களில் ஒன்று வேண்டும். சீட்டிலேயே அப்படி அச்சடித்திருந்தது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"போன தடவ இதக் காட்டித்தானேய்யா போட்டேன்?"

"இப்ப சட்டம் மாறிப்போச்சும்மா. வேற ஏதாவது இருக்கா?"

ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார். அது பட்டியலில் இல்லை. ஆதாரை மகன் ஏதோ வேலையாகத் திருப்பூருக்கு எடுத்துப் போயிருந்தான். நூறு நாள் வேலை அட்டை அவர் கையில் இல்லை. பேங்க் பாஸ்புக்கில் படம் ஒட்டவில்லை. 11 ஆவணம் என்றால் நிறையத்தான் தெரிகிறது. பாஸ்போர்ட், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், அரசு ஊழியர் அட்டை, எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் அட்டை என்று எண்ணிப் பார்த்தால், அந்த அம்மா வீட்டில் இருக்கக்கூடியவை எத்தனை?

"வீட்ல தேடி எடுத்துட்டு வாங்கம்மா" என்று அனுப்பினேன். வீடு இரண்டு கிலோமீட்டர். மாலை 6 மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வரவில்லை.

விதிப்படி நான் செய்தது சரி. யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அன்று என் மேசைமேல் என்னென்ன இருந்தன என்று சொல்கிறேன். வாக்காளர் பட்டியலில் அவர் படமே இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பூத் ஏஜெண்டுகள் எல்லாரும் அதே ஊர்க்காரர்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு ரூபாய் கட்டி அவர்கள் ஆட்சேபிக்கலாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி வந்து போடாமல் தடுக்க விரலில் வைக்கும் மை இருந்தது. ஒருவர் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால், உண்மையானவர் வாக்குச்சீட்டில் ஓட்டளிக்க 49பி விதி இருந்தது. இத்தனை காவல் இருந்தும் ஒரு காகிதம் இல்லை என்று அவரை அனுப்பினேன். அன்று நான் தடுத்தது கள்ள ஓட்டையா, நல்ல ஓட்டையா?

இது இன்று நேற்று வந்த கதை அல்ல. 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே, "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம் இழந்தார்கள். விதி நியாயமானதுதான், பெயர் இல்லாமல் எப்படிப் பதிவது? ஆனால் அந்த நியாயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள்.

தம்பி சொல்லலாம்: "சார், ஒரு அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தால் முடிந்ததே!" அதுவும் போதவில்லை தம்பி. 2025-இல் பீகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது, தேர்தல் ஆணையம் முதலில் சொன்ன 11 ஆவணங்களில் ஆதார் இல்லை, ரேஷன் கார்டு இல்லை, ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை! எந்த அட்டை இல்லை என்று அந்த அம்மாவை நான் திருப்பி அனுப்பினேனோ, அதே அட்டை அங்கே போதாது என்றார்கள். பழைய பட்டியலை வைத்து அடித்த அட்டை, புதிய பட்டியலுக்குச் சான்றாகாது என்பது அவர்கள் வாதம். வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் உண்டு. எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீக்கியவர்களின் பெயரைக் காரணத்தோடு வெளியிடுங்கள் என்றும், ஆதாரை 12-ஆவது ஆவணமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பரீட்சை வைக்கிறவர் பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தால், தோற்றவனை மட்டும் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆகவே என் முடிவு இதுதான். அட்டை கேளுங்கள். ஆனால் கேட்கும் முன் அதை வீட்டு வாசலில், காசில்லாமல், பிழையில்லாமல் கொடுங்கள். விதியை மாற்றினால் படிக்கத் தெரியாதவர் காதுக்கும் அது எட்டும்படி சொல்லுங்கள். அட்டை இல்லாமல் வருபவரைப் பட்டியலில் உள்ள படத்தை வைத்தும், ஊர் ஏஜெண்டுகளை வைத்தும் அடையாளம் காண ஒரு வழி வையுங்கள். இந்த மூன்றும் இருந்தால் அட்டை நியாயமான சுமை. இல்லாவிட்டால், செல்வாக்கு இல்லாதவரை வடிகட்டும் சல்லடைதான் அது.

தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டையில் எழுத்துப் பிழை போன்ற சிறு வேறுபாடு இருந்தாலும், ஆள் அவர்தான் என்று தெரிந்தால் ஓட்டுப் போட விடலாம் என்று விதியே சொல்கிறது. வேறு தொகுதியில் கொடுத்த அட்டையாக இருந்தாலும், உங்கள் பட்டியலில் பெயர் இருந்தால் செல்லும். இதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பத்தா, அம்மாச்சி, பக்கத்து வீட்டுப் பாட்டி ஆகியோரின் அட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிழை இருந்தாலோ தொலைந்திருந்தாலோ படிவம் 8. பெயரே இல்லை என்றால் படிவம் 6. சந்தேகம் இருந்தால் 1950 எண்ணுக்குப் போன் போடுங்கள். கைதட்டல் படம் போட்டவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டி என்று பொறுப்பெடுத்துக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சி.

தம்பி, உன்மேல் கோபம் இல்லை. நீ கேட்ட கேள்வியை 2019-இல் நானும் மனதுக்குள் கேட்டவன்தான். அன்று அந்த அம்மா வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கியபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. 6 மணிக்குக் கதவை மூடியபோதுதான் உறுத்தியது.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்