ஜீப் ஏறும் பாதை, நோயாளி இறங்கும் பாதை

சனிக்கிழமை காலையில் பேராதனைச் சந்தியில் சற்று நேரம் நின்றால் அவர்களைக் காணலாம். கொழும்பு வீதியால் வரிசையாக வரும் ஐந்தாறு ஜீப்புகள். உயர்த்திக் கட்டிய உடல், அகன்ற டயர், கூரையில் கூடாரம், உள்ளே சிரிப்பும் பாட்டுமாக நண்பர்கள். சிலர் கண்டிப் பக்கம் திரும்பி, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக நக்கிள்ஸ் மலைக்கும் மீமுரேக்கும் செல்வர். சிலர் கம்பளை வழியாகப் புசல்லாவை, இறம்பொடைத் தோட்டங்களுக்கு ஏறுவர். கரடுமுரடான பாதையே இவர்களுக்கு இன்பம். அத்துடன் அண்மைக் காலமாகச் சேவையும் சேர்ந்துகொண்டது. கொப்பிகள், உலர் உணவுப் பொதிகள், பழைய உடுப்புகள் என்று ஏதாவது ஏற்றிக்கொண்டே வருகின்றனர். இளையோர் உல்லாசத்தோடு பிறரையும் நினைப்பது நல்லதே. எனினும் இச்சேவை யாருக்கு, எப்படி என்பதை நாம் சற்று ஆழமாகச் சிந்திக்க வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

இப்பொழுதுபோக்கு பெயர் பெற்றது அமெரிக்காவின் பாலைவனப் பிரதேசங்களில். யூட்டா மாநிலத்தின் மோவாப் என்னும் சிற்றூரில் 1967 முதல் உயிர்த்த ஞாயிறுக் காலத்தில் ஜீப் பயணத் திருவிழா நடைபெற்று வருகிறது. அங்கேயே அதன் தீங்கும் உணரப்பட்டது. பாலைநிலத்தின் மேற்பரப்பில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒரு மெல்லிய தோலாக மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. சக்கரம் ஒருமுறை அதை உடைத்தால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் செல்லும். 1942இல் மொஹாவி பாலைவனத்தில் பயிற்சி பெற்ற இராணுவ டாங்கிகளின் தடங்கள் இன்றும் அங்கே தெரிகின்றன. ஆகவே அமெரிக்க வனத்துறை 1985இல் 'மெதுவாக மிதியுங்கள்' என்ற கருத்தில் ஓர் இயக்கத்தையே தொடங்கியது. பாதையை விட்டு விலகாதிருத்தல், குப்பை பொறுக்குதல், பழுதான தடத்தைத் திருத்துதல் ஆகியன அங்குள்ள ஜீப் குழுக்களின் தொண்டாயின.

பாலைவனத்துக்கும் நம் மலைக்கும் என்ன சம்பந்தம் என வாசகர் கேட்கக்கூடும். இரண்டு வேறுபாடுகளுக்காகவே அதைச் சொன்னேன். ஒன்று மழை. அங்கே சக்கரத் தடம் அப்படியே கிடக்கும். இங்கே அடுத்த மழைக்கு அது வாய்க்காலாகும். புல்வெளியில் நான்கு ஜீப்புகள் ஏறி இறங்கினால் நீர் அந்தத் தடத்தின் வழியே ஓடி மண்ணை அரித்துக் கீழேயுள்ள ஓடையில் கொண்டுபோய்க் கொட்டும். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளது. தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களுக்கும் கிராமங்களுக்கும் நீர் தருவதும் அம்மலையே. 2021இல் ஹோர்ட்டன் சமவெளியில் பாதையை விட்டு ஜீப் ஓட்டியவர்கள் பிடிபட்ட செய்தி நினைவிருக்கலாம். அத்தகையோரைப் பற்றி இங்கு பேசவில்லை. அவர்களுக்குச் சட்டம் உண்டு.

மற்ற வேறுபாடு பெரியது. பாலைவனத்துப் பாதையில் பெரும்பாலும் ஆள் இல்லை. நமது பாதையின் முடிவில் லயம் இருக்கிறது.

ஜீப் இப்பகுதிக்குப் புதியதன்று. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்குள் அமைந்தபோதே இவ்வீதிகள் இராணுவ ஜீப்பைக் கண்டன. பின்னர் ஜீப்பும் லாண்ட் ரோவரும் தோட்டத்துத் துரைமாரின் வாகனங்களாயின. லயத்தில் இருந்தவர்களுக்கோ அன்றும் இன்றும் கால்தான். தோட்டப் பாதைகள் கொழுந்து லொறிக்காக வெட்டப்பட்டவை. தேயிலைத் தொழிற்சாலை வரை பாதை ஓரளவு பேணப்படும். அதற்கு அப்பால், மேற்பிரிவு லயங்களுக்குச் செல்லும் பாதையைக் கேட்பாரில்லை. 2016இல் தொடங்கிய 1990 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் இன்று நாடெங்கும் ஓடுகிறது. நல்ல சேவை. ஆனால் எனக்குத் தெரிந்த எத்தனையோ பிரிவுகளில் அது தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணை அதுவரை கம்பளியில் கட்டித் தூக்கி வர வேண்டும். வெளியூர் ஜீப்புகள் சேற்றில் குதித்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "சாமி, இவங்க காசு குடுத்து குலுங்க வர்றாங்க. நாங்க காசு குடுத்தாலும் குலுங்காம ஆஸ்பத்திரிக்குப் போக முடியல." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களில் கண்டியே அதிக உயிர்களை இழந்தது. மகாவலி பெருகிக் கம்பளை, கெலிஓயா, பேராதனைத் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. கடுகண்ணாவையில் கொழும்பு வீதி மூடப்பட்டது. மண்சரிவால் மலைப் பாதைகள் அறுந்தன. தொலைபேசியும் இல்லை. அந்நாட்களில் ஜீப் குழுக்கள் செய்த உதவியை நன்றியோடு கூறுகின்றேன். லொறி ஏறாத இடத்தில் அவர்கள் ஏறினார்கள். பொழுதுபோக்கிற்காகக் கற்ற வித்தை அன்று உயிர் காத்தது.

அதே நாட்களில் கண்ட மற்றொன்றையும் கூறவேண்டும். ஒரு குழு அறுபது பொதிகளோடு வந்தது. யாரிடமும் விசாரிக்காமல் பாதையோரத்து முதல் லயத்தில் அனைத்தையும் கொடுத்து, படம் பிடித்து, பொழுது சாயுமுன் திரும்பிவிட்டது. மேல் லயத்தார் வெறுங்கையோடு நின்றனர். அரிசி முடிந்தபின்னும் இரு லயங்களுக்கிடையே மூண்ட மனக்கசப்பு முடியவில்லை. வேறு சிலர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு எச்சரிக்கை நடைமுறையில் இருந்த சரிவுகளிலேயே பாரமான வாகனங்களை ஏற்றினர். நீர் ஊறிய மண் தன் பாரத்தையே தாங்காது நிற்கும்போது மேலும் பாரம் ஏற்றுவது வீரமன்று.

இன்னொரு குழு முதலில் தோட்டத்துத் தலைவரிடமும் கிராம சேவையாளரிடமும் கேட்டது: "இன்றைக்கு யாரைக் கீழே இறக்க வேண்டும்?" இக்கேள்வியை நான் மிகவும் மதிக்கின்றேன். உதவ வருவோர் பெரும்பாலும் மேலே ஏற்ற வேண்டிய சுமையையே நினைக்கின்றனர். இறங்கும்போது வண்டி வெறுமையாகவே வருகிறது. மலையில் பெரும் தேவை இறங்குவதற்குத்தான். வாரத்தில் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒருவர், காலில் கட்டுப் போட்ட ஒரு சிறுவன், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் எனப் பட்டியல் தயாரித்து, பாதை திறக்கும்வரை அக்குழு முறை வைத்து ஏற்றி இறக்கியது. பொதிகள் குறைவு, படமும் எடுக்கவில்லை.

பேரிடர் ஓய்ந்தபின் செய்யக்கூடிய தொண்டு ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று மூன்று தசாப்தங்களாக நம் மக்களுக்குச் சொல்லப்பட்டது. வாக்கு வாங்கலாம், பாதை போட முடியாது! 2018இல் சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீங்கியது. ஆயினும் தோட்டப் பாதை கம்பனியின் பொறுப்பு எனச் சபையும், சபையின் பொறுப்பு எனக் கம்பனியும் சொல்லும் வழக்கம் நீங்கவில்லை. 2025 மே மாதத் தேர்தலின்பின் சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் அமர்ந்திருக்கின்றனர். ஆண்டிறுதியில் வரவு செலவுத் திட்டம் தயாராகும். அதற்குமுன் லயத்து மக்கள் கொடுக்கும் விண்ணப்பத்தில் விபரம் இருந்தால்தான் எடுபடும். தொழிற்சாலையிலிருந்து கடைசி லயம் வரை எத்தனை கிலோமீற்றர், மதகுகள் எத்தனை, அவற்றில் உடைந்தவை எவை, சரிவுள்ள வளைவுகள் எங்கே, எத்தனை குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஜீப்பில் வருவோருள் பொறியியலாளரும் வழக்கறிஞரும் உள்ளனர். அவர்கள் ஏறிய பாதையின் நீளம் வண்டியின் மீற்றரிலேயே இருக்கிறது. ஒரு ஞாயிறு பிற்பகல் பிரட்டுக்களத்தில் மக்களோடு அமர்ந்து அவ்விபரங்களைத் தாளில் எழுத வேண்டும். கையெழுத்தை மக்கள் போடுவார்கள். சபை கூடும் நாளில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்களே. அன்று கீழே போக ஒரு வண்டி தேவைப்படும்.