கடிதத்தைப் பஸ் ஸ்டாண்டில் வீசிவிட்டு வருவதா?

தபால் இலாகாவில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். வீடு மாறியவருக்குக் கடிதம் வந்தால் பழைய விலாசத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதி அனுப்புவோம். உள்ளே கல்யாணப் பத்திரிகையா, வக்கீல் நோட்டீஸா, அது நமக்கு வேண்டாத விஷயம். கடிதம் உரியவர் கைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. அந்த வால் வங்கிகளுக்கு மட்டும்தான். ஏமாற்றுப் பேர்வழிகள் வாங்க முடியாது.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் பென்ஷனர் வாட்ஸ்அப் குழுவுக்காக ஆயுள் சான்றிதழ் படிவம், குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் என்று எங்கள் வங்கியின் இருபது இணைப்புகளைச் சேர்த்து வைத்திருந்தேன். நவம்பர் பிறந்ததும் எதைத் தொட்டாலும் முகப்புப் பக்கம்தான். அங்கே வீட்டுக்கடன் விளம்பரம் ஓடுகிறது. கணவரை இழந்த 76 வயது அம்மா ஒருவர் படிவத்தை கூகுளில் தேடி, ஏதோ ஒரு தளத்தில் கணக்கு எண்ணைப் போட ஆரம்பித்துவிட்டார். நல்ல வேளை, மகன் பார்த்து போனைப் பிடுங்கிவிட்டான். மோசடியைத் தடுக்க வந்த மாற்றம், அவரை மோசடிக்காரன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

கிளையில் கேட்டால், “சைட் மாறிடுச்சு சார், ஹோம் பேஜ்ல தேடிப் பாருங்க” என்கிறார்கள்.

இது கஷ்டமான வேலையா? என் வலைப்பதிவுக்கே மூன்று டொமைன் பெயர்கள். பேரன் துணையோடு அப்பாச்சி சர்வரில் நான் எழுதியது இரண்டே வரி. கேட்டு வந்த பெயர் முதன்மைப் பெயர் இல்லையா? அப்படியானால் முதன்மைப் பெயருக்கு அனுப்பு. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை அப்படியே ஒட்டு. 301 என்று முத்திரை குத்து. 301 என்றால் நிரந்தர மாற்றம், 302 தற்காலிகம். சிலர் ஒவ்வொரு பழைய பெயருக்கும் தனி விதி எழுதுவார்கள், ஒன்றை மறந்தும் விடுவார்கள். ‘முதன்மை அல்லாதது எதுவானாலும்’ என்று எழுதினால் அந்தத் தொல்லையே இல்லை.

“உள்ளே பக்கங்களின் பெயரையும் மாற்றிவிட்டோமே” என்பார்கள். பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று ஓர் அட்டவணை போடுங்கள். ரீரைட்மேப் என்று அதற்கே அப்பாச்சியில் வசதி இருக்கிறது. பக்கம் அடியோடு போய்விட்டதா, 410 என்று அதற்கும் ஓர் எண் உண்டு, அதையாவது சொல்லுங்கள். எல்லாரையும் முகப்புக்குத் தள்ளுவது, கடிதத்தைப் புது ஊர் பஸ் ஸ்டாண்டில் வீசிவிட்டு வருவதற்குச் சமம். எங்கள் காலத்தில் அதற்கு சஸ்பென்ஷன்தான்.

செலவு மிச்சம் என்று பழைய பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். எவனாவது வாங்கி, நம் பழைய இணைப்புகளுக்கெல்லாம் அவன் கதவைத் திறந்து வைப்பான்.

தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன் (பதிவுத் தபாலைத்தான் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்களே, அதனால் ஸ்பீட் போஸ்டில்). இருபது பழைய முகவரிகளோடு, நானே தேடிக் கண்டுபிடித்த பதினேழு புதிய முகவரிகளையும் அட்டவணை போட்டு இணைத்திருக்கிறேன். மீதி மூன்று எனக்கும் கிடைக்கவில்லை.