கொர்பான் காணிக்கை

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்று குருக்களாகிய எங்களிடம் வினவுகிறார்கள். இல்லம் பாவமன்று. பத்துப் பேரே தங்கும் சிறிய இல்லத்தில், உப்பில்லாக் கஞ்சி யாருக்கு, இரவில் கைத்தாங்கல் யாருக்கு என்பதைப் பணிப்பெண் அறிவார். பிள்ளைகளில் பலர் அறியார்! 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மாதத் தொகையைப் பெற்றுத் தரலாம். அருகில் அமர்ந்து பேச ஒரு மகனைப் பெற்றுத் தருமா? கட்டணத்தோடு கடமை தீர்ந்ததெனக் கருதுவோர், கெபி கட்ட வாரி வழங்குகிறார்கள். நாங்களும் கல்வெட்டில் பெயர் பொறிக்கிறோம். பெற்றோருக்கு உரியதைக் ‘கொர்பான்’ என்று கடவுளுக்குக் காணிக்கையாக்கியோரை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு 7-ஆம் அதிகாரம் கூறுகிறது. அக்கண்டனம் கொடுப்போருக்கு மட்டுமன்று. வாங்கும் எங்களுக்கும் உரியது. இனி நன்கொடையோடு வருவோரிடம் முதலில் இதையே கேட்போம்: அம்மாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?