மௌனம் விளைவிக்கும் இழப்பு



இல்லத்தலைவி ஒருவர்க்கு ஒரு பிற்பகலில் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவன் தன்னை வங்கி அலுவலர் எனக் கூறிக்கொண்டான். கடன் அட்டை அன்றே முடக்கப்படும் என்றும், கைப்பேசிக்கு வந்துள்ள ரகசிய எண்ணைச் சொன்னால் அதனைத் தடுக்கலாம் என்றும் அவசரப்படுத்தினான். அம்மையார் பதறி எண்ணைக் கூறிவிட்டார். சற்று நேரத்தில் 20,000 ரூபாய் பறிபோயிற்று. கணவர் என்ன சொல்வாரோ என்றஞ்சி அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் மேலும் 30,000 ரூபாய் போயிற்று.

முதல் தொகை ஏமாந்ததால் போயிற்று. இரண்டாவது தொகையோ மௌனத்தால் போயிற்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நாம் உணர்தல் வேண்டும்.

2017 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி பிறப்பித்த விதிகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தன. நம் தவறும் வங்கியின் தவறும் இன்றிப் பிறர் செய்த களவாயின், வங்கியின் செய்தி கிடைத்த பின் 3 வேலை நாட்களுக்குள் அறிவித்தால் நமக்கு இழப்பில்லை. 4 முதல் 7 நாட்களுக்குள் அறிவித்தால் ஒரு வரம்புக்குட்பட்ட தொகையை மட்டும் நாம் ஏற்க வேண்டும். ரகசிய எண்ணை நாமே கூறியிருந்தால், அறிவிக்கும் வரையுள்ள இழப்பு நம்முடையது. அறிவித்த பின் நேரும் இழப்போ வங்கியுடையது. ஆகவே, தவறு செய்தவர்க்கும் விரைந்து சொல்வதே நன்மை பயக்கும்.

எனவே, ஐயத்திற்குரிய செய்தி வந்தவுடன் அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள எண்ணில் வங்கியை அழைத்து, அட்டையை முடக்கச் செய்யுங்கள். அழைத்தவன் தந்த எண்ணை நம்பாதீர்கள். புகார் எண்ணைத் தேதியுடனும் நேரத்துடனும் குறித்து வையுங்கள். 1930 என்னும் தேசிய உதவி எண்ணிலும் தாமதமின்றி முறையிடுங்கள்.

பின்னர் வங்கி மாற்று அட்டை அனுப்பும். அதன் எண் புதியது. ஆதலால் பழைய அட்டையிலிருந்து மாதந்தோறும் தானாகச் செலுத்தப்பட்டு வந்த காப்பீட்டுத் தவணை, தொலைபேசிக் கட்டணம் முதலியன நின்றுவிடக்கூடும். அவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் புதிய அட்டைக்கு மாற்றுங்கள். தபாலில் வரும் உறையின் ஒட்டு பிரிந்திருந்தால் உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள். பழைய அட்டையை, அதிலுள்ள சில்லும் காந்தப் பட்டையும் துண்டாகுமாறு வெட்டிவிடுங்கள். புதிய அட்டையைப் பெற எந்த வங்கியும் உங்கள் ரகசிய எண்ணைத் தொலைபேசியில் கேட்காது என்பதையும் மறவாதீர்கள்.

இறுதியாக, இல்லத்திலுள்ள மற்றவர்களுக்கு ஒரு சொல். ஏமாந்து வந்து நிற்பவரிடம், "உனக்கு அறிவில்லையா?" என்று சீறாதீர்கள். அவ்வச்சமே அடுத்த முறை அவர் வாயை அடைக்கும். கள்வனுக்கு மேலும் ஒரு நாள் கிடைக்கும். "நல்லவேளை, உடனே சொன்னாய், முதலில் வங்கியை அழைப்போம்" என்று கூறுங்கள். அச்சமின்றி உண்மை பேசக்கூடிய இல்லமே பணத்திற்கும் சிறந்த காவல்.