எதுவரை பார்த்தார்கள்?

எங்கள் மாமா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மலத்தோடு ரத்தம் போகத் தொடங்கியபோது அவருக்கு வயது 52. “எஞ்சின் சூட்டுல உக்காந்தவனுக்கு மூலம் வராம வேற என்ன வரும்?” என்று அவரே முடிவு கட்டிவிட்டார். துத்திக்கீரையை வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிட்டார். கருணைக்கிழங்கு லேகியம் ஒரு டப்பா தீர்ந்தது. ‘ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம் குணமாகும்’ என்று சுவரில் எழுதியிருந்த இடத்துக்கும் போய் வந்தார். எட்டு மாதம் ஓடிவிட்டது. அதுவரை ஒருவர்கூடக் கையுறை மாட்டி, விரல் விட்டுச் சோதித்துப் பார்க்கவில்லை. மாமாவும் வீட்டில் வாய் திறக்கவில்லை. துவைக்கப் போட்ட லுங்கியில் கறையைப் பார்த்து அத்தைதான் கேட்டார். அதன் பிறகுதான் மாமா மருத்துவமனைக்குப் போனார்.

மூலத்தில் ரத்தம் வரும். குடல் அழற்சியில் வரும். மலக்குடல் புற்றுநோயிலும் வரும். நிறத்தையும் வலியையும் வைத்து வீட்டிலிருந்தபடி இவற்றைப் பிரித்துவிட முடியாது. மூலம் இருக்கிற ஒருவருக்கே புற்றுநோயும் இருக்கலாம். ஆகவே பார்க்காமல் பெயர் வைப்பதை மருத்துவரும் நிறுத்த வேண்டும், நாமும் நிறுத்த வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கான எளிய வழிகளில் ஒன்று சிக்மாய்டோஸ்கோபி. விரல் பருமனில் வளைந்து கொடுக்கும் குழாய். நுனியில் கேமராவும் விளக்கும். நீளம் சுமார் 60 செ.மீ. பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்குச் செய்வதுபோல முதல் நாளே லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடிக்கத் தேவையில்லை. பெரும்பாலும் அன்று காலை ஓர் எனிமா போதும். “அய்யா, கொஞ்ச நேரம் அடக்கிக்கிட்டு அப்புறம் போங்க. உடனே போனா மருந்து மட்டும்தான் வெளியே வரும்” என்று மாமாவிடம் நர்ஸம்மா சொன்னார். பரிசோதனை சரியாக அமைவதில் பாதி இந்தப் பொறுமையில் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் எனிமா வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பாஸ்பேட் கலந்த எனிமா அவர்களுக்கு ஆபத்தாகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

பின்பக்கம் திறந்த அங்கியை மாட்டிக்கொண்டு, இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். குடலை விரிக்கக் காற்றைச் செலுத்துவார்கள். வயிறு உப்பும், மலம் முட்டுவதுபோல் இருக்கும். அது காற்றுதான், பயந்து இறுக்கிக்கொண்டால் வலி கூடும். சதைத் துணுக்கு எடுத்தாலும் வலிக்காது, குடலின் உட்பரப்புக்கு வெட்டுவதை உணரும் நரம்பு இல்லை. தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். பெண்கள் உடன் ஒரு பெண் ஊழியர் இருக்கும்படி கேட்கலாம். பொதுவாகக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மயக்க மருந்து பெரும்பாலும் தருவதில்லை. தந்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். குடலில் துளை விழுவது மிக அரிது. ஆனாலும் வீட்டுக்கு வந்தபின் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நிற்காத ரத்தம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இனிதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். இந்தக் குழாய் பார்ப்பது மலக்குடலையும் இடப்பக்கத்தின் கீழ்ப்பகுதியையும் மட்டுமே. பிரிட்டனில் 55 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 1.7 லட்சம் பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வெண்டி ஆட்கின் தலைமையிலான அதன் முடிவு 2010இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஒரே ஒரு முறை இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டவர்களிடம், அடுத்த பதினொரு ஆண்டுகளில் பெருங்குடல் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதனால் நேரும் மரணம் 43 சதவீதம் குறைந்தது. புற்றாக மாறக்கூடிய பாலிப் என்ற சிறு வளர்ச்சிகளை அப்போதே வெட்டி எடுத்துவிட்டதுதான் காரணம். ஆனால் அந்தப் பலன் ஏறக்குறைய முழுவதும் கீழ்க்குடலில்தான் கிடைத்தது. குழாய் எட்டாத வலப்பக்கத்தில் பெரிய மாற்றமில்லை. இங்கிலாந்து 2013இல் 55 வயதினருக்கு இதைத் திட்டமாகத் தொடங்கி, 2021இல் கைவிட்டு, வீட்டிலேயே மல மாதிரி எடுத்து அனுப்பும் சோதனைக்கு முழுமையாக மாறியது.

ஆகவே ‘எல்லாம் நார்மல்’ என்ற சொல்லோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எத்தனை செ.மீ. வரை பார்த்தீர்கள், குடல் சுத்தமாக இருந்ததா, பார்க்காத பகுதிக்கு என்ன செய்யப் போகிறோம் என்று கேளுங்கள். காரணம் தெரியாத ரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவை இருந்தால் இந்தக் குட்டைக் குழாய் போதாது. பொதுவாகக் கொலோனோஸ்கோபிதான் தேவைப்படும். மாமாவின் அறிக்கையில் ‘18 செ.மீ.இல் ஒரு பாலிப், 45 செ.மீ.க்கு மேல் மலம், பார்க்க இயலவில்லை’ என்று இருந்தது. அந்த இரண்டாவது வரியை அத்தை படித்துக் கேட்டதால்தான் அடுத்த வாரமே கொலோனோஸ்கோபி நடந்தது. வலப்பக்கத்தில் இன்னொரு பாலிப் இருந்தது. இரண்டையும் எடுத்தாகிவிட்டது.

நம் நாட்டின் தேசியத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் முன்கூட்டிய பரிசோதனை செய்கிறது. குடல் அதில் இல்லை. அறிகுறி தெரிந்த பிறகு நோயாளியே கதவைத் தட்ட வேண்டும்; வெட்கம் அந்தக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எல்லாருக்கும் குழாய் விட்டுப் பார்க்க அரசால் இப்போது முடியாது என்பது எனக்குப் புரிகிறது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுப் படியேறி வருகிறார்களே, அவர்கள் தனியாக அழைத்து ‘மலத்தில் ரத்தம் போகிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்கலாம். ‘ஆமாம்’ என்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, முதலில் விரலால் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். இதற்குப் புதிய இயந்திரம் வேண்டாம். ஒரு ஜோடி கையுறை போதும்.