கோடு விலகினால் பதற வேண்டாம்



சிரட்டையிலும் பலகையிலும் பெயர் பொறிக்கும் லேசர் இயந்திரத்தைக் குழுக் கடனில் வாங்கினால், வேலை பிழைக்கும்போது தவணையும் தவறும். கொழும்பிலிருந்து திருத்துநர் வரும்வரை வட்டுக்கோட்டையில் காத்திருக்கத் தேவையில்லை.

படம் இடம் விலகினால் பட்டி தளர்ந்திருக்கும், இறுக்குங்கள். ஒரு மூலை ஆழமாகவும் மறுமூலை மங்கலாகவும் பொறிந்தால், ஏற்றி இறக்கியதில் கண்ணாடி அசைந்திருக்கும்.

இரண்டாம் கண்ணாடியின் முன் காகித நாடா ஒட்டி, மூடியை மூடி, குறைந்த வலுவில் சட்டத்தை அருகே வைத்து ஒரு புள்ளியும் தொலைவில் வைத்து ஒரு புள்ளியும் இடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை முதற் கண்ணாடியின் திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பின்னர் நாடாவை மூன்றாம் கண்ணாடிக்கு மாற்றி, இரண்டாவதைத் திருத்துங்கள்.

காபனீரொட்சைட்டு லேசர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும். மின்னை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள்.